கபினிக் காடுகளும் உல்லாசப் பயணமும்

மைசூரு மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கபினி நீர்த்தேக்கத்தின் ஒரு கரையில் நாகரஹொளெக் காடும் மறு கரையில் பந்திப்பூர்க் காடும் அமைந்துள்ளன. இவற்றை அடுத்துக் கேரளத்தின் வயநாட்டுக் காடுகளும், தமிழ்நாட்டின் முதுமலைக் காடுகளும் தொடர்கின்றன. பந்திப்பூரையும் முதுமலையையும் மோயாறு பிரிக்கின்றது. ஆனால் அந்த ஆற்றைக் கடக்கும் யானைக்கு மாநில எல்லை என்பது இல்லை. 1986ஆம் ஆண்டில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கப்பட்டபோது இவையனைத்தும் ஒரே நிலப்பரப்பாகக் கொள்ளப்பட்டதன் காரணமும் இதுவே. 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுக்கப்பட்ட மதிப்பீட்டின்படி பந்திப்பூரில் 150 புலிகளும், நாகரஹொளெயில் 141 புலிகளும், முதுமலையில் 114 புலிகளும் இருந்தன. 1972இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த புலிகள் ஏறத்தாழ 1,800 மட்டுமே என்பதை நினைவிற்கொண்டால், இக்காடுகளின் பெருமை விளங்கும்.

இத்தகைய காட்டின் ஓரத்திலுள்ள சரகூர் வட்டாரத்தில், 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும், இரு வாரங்களுக்குள் மூன்று விவசாயிகள் புலியால் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். மக்களின் துயரமும் சினமும் பெருகின. காட்டினுள் நாள்தோறும் சுற்றிவரும் சஃபாரி வண்டிகளின் தொல்லை தாளாமலே புலிகள் வெளியேறுகின்றன என்று விவசாயிகள் குற்றஞ்சாட்டினர். நவம்பர் 7ஆம் தேதியன்று கர்நாடக அரசு இரு காப்பகங்களிலும் சஃபாரியை நிறுத்தி, அதில் ஈடுபட்டிருந்த ஊழியர்களைப் புலியைத் தேடும் பணிக்கு அனுப்புமாறு ஆணையிட்டது.

விடுதி உரிமையாளரும் வண்டி ஓட்டுநரும் தத்தம் பிழைப்பை எண்ணி வருந்தினர். கிராம மக்களோ நிரந்தரத் தடையைக் கோரினர். இரு சாராரின் கவலையும் உண்மையானதே. ஆயினும் இவ்வினாவைச் சினத்தைக் கொண்டோ வருவாயைக் கொண்டோ தீர்க்க முடியாது. ஒரு காடு எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பது அளந்து அறியக்கூடிய செய்தி. அதை அளப்பவர் களப்பணியாளராக இருத்தல் வேண்டும். அளந்த வரம்பே சட்டமாதல் வேண்டும். வரும் வருவாயில் முதற்பங்கு விலங்கின் சுமையைத் தாங்கும் கிராமத்துக்குச் சேர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

வேட்டைக்களம் விருந்தினர் இல்லமான வரலாறு

கபினிக் கரையில் விருந்தினர் வந்து தங்குவது புதிய வழக்கமன்று. மைசூர் சமஸ்தானத்து மன்னர்களும் அவர்தம் விருந்தினராக வந்த வைசிராய்களும் இக்காடுகளில் வேட்டையாடினர். காகனகோட்டெக் காட்டில் ‘கெட்டா’ என்னும் முறையில் காட்டு யானைக் கூட்டங்களை வளைத்துப் பிடிப்பது அக்காலத்தில் பெரியதொரு காட்சியாக விளங்கிற்று. அத்தகைய கடைசிக் கெட்டா 1971இல் நடைபெற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் ஒன்றாயிற்று.

1974இல் கபினி அணை கட்டி முடிக்கப்பட்டது. காட்டின் ஒரு பகுதியும், யானை பிடித்த பழைய களங்களும் நீரில் மூழ்கின. ஆயினும் எவரும் எதிர்பாராத விளைவொன்று தோன்றியது. கோடையில் நீர்மட்டம் இறங்குங்கால், வெளிப்படும் ஈரமான சேற்று நிலத்தில் பசும்புல் முளைக்கின்றது. சுற்றுமுள்ள காடு காய்ந்து கிடக்கும் மார்ச்சு முதல் மே வரையிலான மாதங்களில், இப்புல்லையும் நீரையும் நாடி நூற்றுக்கணக்கான யானைகள் கரையில் கூடுகின்றன. ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்தொகையாய்க் கூடுமிடம் உலகில் வேறு அரிது.

இக்காட்சியை நம்பியே 1980இல் ஜங்கிள் லாட்ஜஸ் என்னும் நிறுவனம் கர்நாடக அரசின் சார்பில் தோன்றியது. காராபுரத்திலிருந்த மன்னரின் பழைய வேட்டை மாளிகை பயணிகள் விடுதியாக மாற்றப்பட்டது. துப்பாக்கிக்குப் பதில் புகைப்படக் கருவியை ஏந்தி வந்த விருந்தினர் காட்டுக்கு நன்மையும் செய்தனர். பலர் வந்து போகும் பாதையில் திருட்டு வேட்டைக்காரன் நடமாட அஞ்சுவான். காட்டைக் கண்டு மகிழ்ந்தவர் அதைக் காக்கக் குரலும் கொடுப்பர். இந்நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் நாளடைவில் விடுதிகள் பெருகின. பத்து இந்தியக் காப்பகங்களை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டளவில் வெளியான ஆய்வொன்று, அவற்றுக்கு வரும் பயணிகள் ஆண்டுக்குச் சராசரியாக 15 சதவீதம் வீதம் பெருகி வந்ததைக் கண்டது. பயணிகளுள் மிகப் பெரும்பாலோர் இந்நாட்டவரே. விடுதிகளுள் 72 சதவீதம் 2000ஆம் ஆண்டுக்குப் பின் கட்டப்பட்டவை. 85 சதவீதம் காப்பக எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அமைந்தவை. காட்டைச் சுற்றி வாழும் மக்களுள் இவ்விடுதிகளில் வேலை பெற்றவர்களோ மிகமிகச் சிலரே என்றும் அவ்வாய்வு கூறுகின்றது. இந்த இறுதிச் செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஆப்பிரிக்கப் புல்வெளியின் அனுபவம்

சஃபாரி என்னும் சொல்லே கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலிருந்து வந்ததாகும். அதன் பொருள் பயணம். அங்கே பல்லாண்டுகளாக நடந்து வரும் இத்தொழிலின் நன்மை தீமைகள் நமக்கு ஒரு முன்னறிவிப்பாகும்.

கென்யாவின் மாசாய் மாராப் புல்வெளியில் சிவிங்கிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2018இல் வெளிவந்தது. பயணிகள் மிகுந்த பகுதியில் வாழும் தாய்ச் சிவிங்கி, ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டியையே தனித்து வாழும் பருவம் வரை வளர்த்தது. பயணிகள் குறைந்த பகுதியில் இத்தொகை 2.3 ஆகும். அதாவது, முன்னதில் ஐந்து ஈற்றுகளுக்கு ஒரு குட்டி தேறுகின்றது. பின்னதில் ஒவ்வோர் ஈற்றிலும் இரண்டுக்கு மேல் தேறுகின்றன. வண்டிகள் குட்டிகளை நசுக்கிக் கொன்றதாக நேரடிச் சான்று எதுவும் இல்லை. சூழ்ந்து நிற்கும் வண்டிகளால் தாயின் வேட்டை தடைப்படலாம். பிடித்த இரையை விட்டு அது விலக நேரலாம். குட்டிகள் தாயைப் பிரிந்து தவிக்கலாம். ஒவ்வொரு வண்டியும் தன்னளவில் தீங்கு செய்யாததாகவே தோன்றும். கூட்டுத்தொகையே தீங்கு விளைவிக்கின்றது.

மாராவில் மற்றொரு பாடமும் உண்டு. காப்பகத்தைச் சுற்றியுள்ள மாசாய் மக்களுள் பலர் தம் நிலங்களை ஒன்று சேர்த்து விலங்குகளுக்காக விட்டுவைக்கின்றனர். விடுதி நிறுவனங்கள் அந்நிலத்துக்கு மாதந்தோறும் குத்தகைப் பணம் தருகின்றன. பயணி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை தரப்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. அங்கே விடுதிகளின் எண்ணிக்கைக்கும், ஒரு விலங்கின் அருகே நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. நில உடைமையாளருக்குச் சிங்கம் ஒரு வருவாயாகிவிட்டபடியால் அதன்மீது பகை குறைகின்றது. ஆயினும் 2020இல் கொள்ளைநோயால் பயணிகள் வரவு நின்றபோது குத்தகைப் பணமும் குறைந்து, மக்கள் இடர்ப்பட்டனர். ஒரே தொழிலை நம்பிக் காட்டைக் காக்க முற்படுவதன் ஆபத்தை இது காட்டுகின்றது.

ஆடம்பரம் பெருகும்போது இவ்வரம்புகள் மீதும் நெருக்கடி வருகின்றது. 2025 ஆகஸ்டில் மாராவில் பன்னாட்டு நிறுவனமொன்றின் உல்லாச விடுதி திறக்கப்பட்டபோது, அது புலம்பெயரும் விலங்குகளின் வழியை மறிக்கின்றது என்று கூறி அவ்வூர் மாசாய்த் தலைவர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார்.

வேங்கையின் உடல் கூறும் சான்று

ஆப்பிரிக்காவின் திறந்த புல்வெளிக்கும் நம் இலையுதிர் காட்டுக்கும் வேற்றுமை உண்டு. நம் வேங்கை மறைந்து வாழ்வது; வேண்டாதபோது புதருக்குள் செல்லக் கூடியது. ஆகையால் அதற்கு வண்டிகளால் தொல்லையில்லை என்று எண்ணலாமா?

ஹைதராபாதிலுள்ள மத்திய அரசின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கட் காப்பகங்களில் இதை ஆராய்ந்தனர். புலியைப் பிடிக்காமலும் மயக்காமலும், அது விட்டுச் சென்ற எச்சத்தைச் சேகரித்து, உடல் நெருக்கடிக்குள்ளாகும்போது சுரக்கும் ஹார்மோன்களின் சிதைபொருள்களை அளந்தனர். பயணிகள் வரும் பருவத்தில் இவ்வளவு கூடியிருந்தது. காட்டை மூடிய பருவத்தில் குறைந்திருந்தது. வண்டிகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பிருப்பதும் தெரிந்தது. 2019இல் இம்முடிவுகள் வெளியாயின. நெடுங்காலம் நீடிக்கும் இத்தகைய நெருக்கடி விலங்கின் இனப்பெருக்கத்தையும் நோயெதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கக்கூடும் என்பது உடலியல் அறிந்த செய்தி. கண்ணுக்கு அமைதியாகப் படுத்திருக்கும் புலி உள்ளே அமைதியாக இருக்கின்றது என்று கொள்ளுவதற்கில்லை.

எனினும், இதைக் கொண்டு சரகூர் வட்டாரத்து மரணங்களுக்குச் சஃபாரி வண்டியே காரணம் என்று தீர்ப்பளிப்பதும் விஞ்ஞானமாகாது. புலி காட்டைவிட்டு வெளிவரப் பல காரணங்கள் உண்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் இளம்புலி தாயைப் பிரிந்து தனக்கென ஓர் எல்லையைத் தேடும். காட்டின் நடுப்பகுதியில் வலிய புலிகள் இடம் பிடித்திருக்க, இளையதும் முதியதும் காயமுற்றதும் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓரத்தில் அவற்றுக்கு எளிதாகக் கிடைப்பது மேயும் மாடு. புலியொன்று ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய விலங்குகளை உண்ண வேண்டியிருக்கின்றது. அதற்கு இடையறாது இரை கிடைக்க வேண்டுமாயின் ஏறக்குறைய 500 புள்ளிமான், கடமான், காட்டெருது போன்றவை அதன் எல்லைக்குள் வாழ வேண்டும் என்பது நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்த் முதலியோர் 1980களில் தொடங்கிச் செய்த நீண்ட ஆராய்ச்சியால் விளங்கிய உண்மை. இரை விலங்குக்குப் புல் வேண்டும். பந்திப்பூரின் பெரும் பரப்பில் உண்ணிச்செடி புதராய் மண்டிப் புல்லை அடக்கிவிட்டது. புதரை அகற்றாமல் சஃபாரியை மட்டும் நிறுத்துவதால் வயலோரத்துப் புலி திரும்பிச் சென்றுவிடும் என்று உறுதி கூற இயலாது.

சஃபாரியைக் குற்றவாளியென்று முன்னரே முடிவு கட்டுவதும் தவறு. குற்றமற்றதென்று விட்டுவிடுவதும் தவறு. வண்டி எங்கே, எத்தனை, எவ்வளவு நேரம் என்ற கணக்கு இருந்தாலன்றி உண்மை வெளிப்படாது.

வண்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் முறை

2012ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதியன்று உச்சநீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடைசெய்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்ட பின், அக்டோபர் 16ஆம் தேதி தடை நீங்கிற்று. மையப் பகுதியின் பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடலாகாது. அங்கே புதிய விடுதி எழும்பலாகாது. விலங்கிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பன அந்நெறிமுறைகளுள் முக்கியமானவை. ஒரு காடு எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிடும் முறையையும் அவை விளக்குகின்றன. களப்பணியாளர் இம்முறையைத் தெளிவாக அறிந்திருப்பது நலம்.

கற்பனையான ஒரு காட்டை உதாரணமாகக் கொள்வோம். அதில் சுற்றுலாவுக்கு விட்ட பாதையின் நீளம் 40 கிலோமீட்டர். வண்டிகளுக்கிடையே 500 மீட்டர் இடைவெளி வேண்டுமாயின் ஒரே நேரத்தில் 80 வண்டிகள் நிற்கலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 160. இது பாதையின் கொள்ளளவு மட்டுமே. அடுத்துக் குறைப்புகள் தொடங்குகின்றன. பாதையில் 10 கிலோமீட்டர் மண்ணரிப்புக்கு உள்ளாகக் கூடியதென்றால் நான்கில் ஒரு பங்கு கழிய 120 ஆகும். விலங்குகள் ஈனும் இடம், நீர் அருந்தும் இடம் ஆகியவற்றின் தொல்லையைக் கருதி மேலும் நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 90 ஆகும். இறுதியாக, காவலர் எண்ணிக்கை, வாகனம், நிதி ஆகியவை தேவையில் எத்தனை பங்கு உள்ளன என்று பார்க்க வேண்டும். அவை 60 சதவீதமே இருப்பின், அனுமதிக்கத் தக்கவை 54 வண்டிகளே.

இந்த இறுதிப் படியை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். காவலர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைய வேண்டும் என்பது இக்கணக்கின் பொருள். வருவாய் வேண்டுமென்று வண்டிகளைக் கூட்டுவோர் முதலில் காவலரைக் கூட்ட வேண்டும். இவ்விதி நேர்மையாகக் கடைப்பிடிக்கப்படுமாயின், சுற்றுலாத் தொழிலே காட்டுக் காவலை வலுப்படுத்துமாறு அரசை வற்புறுத்தத் தொடங்கும்.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. வண்டிகள் பாதையெங்கும் சீராகப் பரவி நிற்கும் என்று அது கொள்கின்றது. உண்மையில் நிகழ்வதைக் களப்பணியாளர் அறிவர். ஒரு நீர்க்குட்டையருகே புலி தென்பட்டதென்ற செய்தி பரவியவுடன், அனுமதி பெற்ற வண்டிகளுள் பெரும்பகுதி அங்கே வந்து சூழும். ஆகையால் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்போடு, ஒரு விலங்கின் அருகே ஒரே வேளையில் இத்தனை, இத்தனை நிமிடம் என்ற வரம்பும் தேவை. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் கார்பெட் காப்பகம் பற்றிய வழக்கில் இரவுச் சுற்றுலாவைத் தடுத்ததும், மையப் பகுதியின் சுற்றுலா வட்டத்தில் கைப்பேசிக்குத் தடை விதித்ததும் இக்காரணத்தால் வரவேற்கத் தக்கவை.

ஆடம்பரம் காட்டுக்கு இலேசானதா?

‘சிலரே வரட்டும், மிகுந்த விலை கொடுத்து வரட்டும், அதனால் காட்டுக்குப் பளு குறையும்’ என்னும் வாதம் ஆப்பிரிக்காவில் தோன்றி இங்கும் வழங்குகின்றது. மேலெழுந்தவாரியாக இது நியாயமாகவே தோன்றும். ஆனால் காடு தலைகளை எண்ணுவதில்லை, வண்டிகளையே தாங்குகின்றது. இருபத்துநான்கு மாணவர் ஒரு பேருந்தில் செல்லலாம். அதே எண்ணிக்கையுள்ள விருந்தினர் ஜீப்புக்கு ஆறு பேராகச் சென்றால் நான்கு வண்டிகள் வேண்டும். மேலும், பெரும் பணம் கொடுத்து வந்தவர் புலியைக் காணாமல் திரும்ப மனமொப்பார். அந்நெருக்கடி விடுதியினின்று ஓட்டுநர்மீதும், ஓட்டுநரிடமிருந்து விலங்கின்மீதும் இறங்குகின்றது.

விடுதி நிற்கும் நிலத்தையும் கருத வேண்டும். நீச்சல் குளம், புல்தரை, சுற்றுவேலி, இரவெல்லாம் எரியும் விளக்கு ஆகியவை காட்டின் எல்லையில் அமையும்போது, யானை காலங்காலமாகப் பழகிய வழி அடைபடுகின்றது. இதற்கு நம் கண்முன்னே நின்ற சான்று முதுமலையை அடுத்த சேகூர்ப் பீடபூமி. தமிழ்நாடு அரசு 2010இல் அங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. அதை 2011இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14ஆம் தேதி உச்சநீதிமன்றமும் உறுதி செய்தன. அதன் பின்னும், 2021 ஜனவரியில், மசினகுடியருகே விடுதியொன்றின் பக்கம் வந்த யானைமீது எரியும் பொருள் வீசப்பட்டு, அக்காயங்களோடு அது மடிந்தது. விலங்கைக் காட்டிப் பிழைக்கும் இடத்திலேயே விலங்கு விரோதியாகக் கருதப்பட்ட கொடுமை அது.

நாகரஹொளெயிலும் 1990களில் முர்க்கல் என்னுமிடத்தில் காட்டினுள்ளேயே தனியார் விடுதி எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த ஜேனு குறுபர் முதலிய பழங்குடியினர் அதை எதிர்த்துப் போராடினர். ‘எங்களை வெளியேறச் சொல்லும் காட்டில் விருந்தினருக்கு மாளிகையா?’ என்பதே அவர்தம் வினாவின் சாரம். 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அவ்வேற்பாடு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அவ்வினாவின் நியாயம் இன்றும் தேயவில்லை.

சுமையைத் தாங்குவோர்

ஒரு விருந்தினர் கபினியில் ஓரிரவு தங்கிப் புலியைக் கண்டு மகிழ்ந்து செல்கின்றார். அதே புலி மறுவாரம் எல்லைக் கிராமத்தில் ஒரு கறவைப் பசுவைக் கொல்கின்றது. அக்குடும்பம் அன்று முதல் பால் வருவாயை இழக்கின்றது. இழப்பீடு பெற வேண்டுமாயின், உடல் கிடக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று பெற வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். யானை புகுந்த ராகி வயலின் கதையும் இதுவே. அகழியும் சூரியசக்தி வேலியும் பழைய தண்டவாளங்களாலான வேலியும் பல இடங்களில் பயன் தருகின்றன. ஆயினும் பராமரிப்பில்லாத அகழி ஒரே மழையில் தூர்ந்துபோகும்.

ஆகவே சுற்றுலா வருவாயின் பயன் எங்கே செல்கின்றது என்பது பொருளாதார வினா மட்டுமன்று, பாதுகாப்பின் உயிர்நாடி. 2006ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைத்து நுழைவுக் கட்டண வருவாயைக் காப்பகத்துக்கும் மக்களுக்கும் பயன்படுத்த வழிவகுத்தது. விடுதிகளிடமிருந்து பாதுகாப்புக் கட்டணம் பெறவும் 2012ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடம் தருகின்றன. இவ்வருவாயைச் செலவிடும் வரிசை முக்கியமானது. கால்நடை இழப்பீட்டைச் சில நாள்களுக்குள் கொடுத்து முடிப்பது முதல். அகழி, வேலிகளின் பராமரிப்பு அடுத்தது. உண்ணிச்செடியை அகற்றும் பணியில் அவ்வூர் மக்களையே கூலிக்கு அமர்த்துவது அதற்கடுத்தது. இவற்றுக்குப் பின்னரே புதிய நுழைவாயிலும் அலங்கார வளைவும் வரட்டும்.

மக்கள் கட்டுப்பாட்டை ஏற்கமாட்டார்கள் என்ற அச்சம் வேண்டாம். பந்திப்பூர்க் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்து தடுக்கப்பட்டுள்ளது. வணிகர் எதிர்த்தனர், வழக்குகள் நடந்தன. ஆயினும் இரவில் வண்டிகளில் அடிபட்டு மடியும் விலங்குகளின் கணக்கு எடுத்துவைக்கப்பட்டிருந்தது. அக்கணக்கே தடைக்கு அடிப்படையாயிற்று.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

இவ்விதழைப் படிக்கும் வனக் காவலரும் வேட்டைத் தடுப்பு முகாம் ஊழியரும் நாள்தோறும் காட்டில் நடப்பவர். அவர்தம் குறிப்பேட்டில் புலியின் தடமும் யானைக் கூட்டமும் ஏறுகின்றன. அதனோடு இன்னும் சில செய்திகளும் ஏறட்டும். ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டிகள் நின்றன? எத்தனை நிமிடம் நின்றன? வண்டி வந்தபின் அவ்விலங்கு மேய்ச்சலை நிறுத்திற்றா, இடம் பெயர்ந்ததா, குட்டிகளை அழைத்து விலகிற்றா? எல்லை விடுதியின் விளக்கு எவ்வளவு தொலைவு தெரிகின்றது? மாடு கொல்லப்பட்ட இடம், நாள், அவ்வாரத்தில் சஃபாரி நடந்ததா இல்லையா? இவற்றை ஓராண்டு தொடர்ந்து, ஒரே படிவத்தில், பல முகாம்களிலும் எழுதி வந்தால், விவசாயியின் குற்றச்சாட்டு மெய்யா என்பதற்கு விடை கிடைக்கும். சஃபாரி நிறுத்தப்படும் மாதங்கள் இவ்வாராய்ச்சிக்கு அரியதொரு வாய்ப்பாகும். வண்டி ஓடும் மாதத்தையும் ஓடாத மாதத்தையும் ஒப்பிடும் வசதி எளிதில் அமைவதில்லை. ஆனால் ஒப்பிடும்போது பருவ வேற்றுமையையும் கருத வேண்டும். மழைக்காலத்தையும் கோடையையும் நேராக ஒப்பிட்டு முடிவு கூறலாகாது.

ஆசிரியர்களின் பணியும் குறைந்ததன்று. காட்டோரப் பள்ளியில் பயிலும் சிறுவன் புலியை அறிவது பெரும்பாலும் பெற்றோரின் அச்சத்தின் வாயிலாகவே. தொலைதூர நகரத்துக் குழந்தை கண்டு களிக்கும் யானைக் கூட்டத்தை, அதன் வயலழிவைத் தாங்கும் குழந்தை அமைதியாக ஒரு முறையேனும் காண வேண்டாமா? கிராமப்புற மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் ‘சிண்ணர வன தரிசனம்’ போன்ற திட்டங்கள் கர்நாடக வன இலாகாவில் உள்ளன. அனுமதிக்கப்படும் வண்டிகளுள் ஒரு பங்கு எப்போதும் இம்மாணவருக்கென ஒதுக்கப்படுமாயின், அது தானமன்று, கடன் தீர்த்தலாகும். காட்டினுள் செல்லாமலே கற்கத் தக்கவையும் பல. பள்ளி வளாகத்தில் மழையளவைக் குறித்து வைத்தல், உண்ணிச்செடி மூடிய இடத்திலும் மூடாத இடத்திலும் புல்வகைகளை எண்ணிப் பார்த்தல், குளத்துக்கு வரும் பறவைகளை மாதந்தோறும் பதிதல் ஆகியவை மாணவரை ஆராய்ச்சியாளராக்கும். அந்தி வேளையில் வயலுக்குத் தனியே செல்லலாகாது, குனிந்து வேலை செய்யும்போது துணை வேண்டும் என்னும் எளிய காப்பு முறைகளைப் பெற்றோருக்கு எடுத்துச் செல்லவும் மாணவரே சிறந்த தூதர்.

காட்டைக் காண விரும்புவது நல்லியல்பு. அவ்விருப்பத்தை அடியோடு மறுக்கும் நாடு நாளடைவில் காட்டின்மீது பற்றையும் இழந்துவிடும். ஆனால் காண வருவோரின் எண்ணிக்கையை விடுதியின் அறைகள் நிர்ணயிக்கலாகாது. காட்டின் தாங்குதிறனும், காவலரின் தொகையும், எல்லைக் கிராமத்தின் அமைதியும் நிர்ணயிக்க வேண்டும். இம்மூன்றையும் ஆண்டுதோறும் அளந்து, அளவை மக்கள் அறிய வெளியிட்டு, அதற்கேற்ப வண்டிகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் துணிவு நம் நிர்வாகத்துக்கு வேண்டும். கபினிக் கரையில் அடுத்த கோடையிலும் நீர் இறங்கும், புல் முளைக்கும், யானைகள் வரும். அதற்குள் அளக்கும் பணியைத் தொடங்குவது நம் கையில் உள்ளது.